நாமக்கல் முட்டைக்கும் தா.பழூர் மக்காச்சோளத்துக்கும் என்ன சம்பந்தம்? 2018இல் ஒரு புழு அறுத்த சங்கிலியின் கதை

தை பிறந்த பிறகு ஜெயங்கொண்டத்தில் இருந்து தா.பழூருக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? ரோட்டில் ஒரு பாதி மஞ்சளாக இருக்கும். அறுவடை செய்த மக்காச்சோளத்தைக் கொட்டிக் காய வைத்திருப்பார்கள். வண்டி ஏறிவிடக் கூடாது என்று ஓரத்தில் வரிசையாகக் கல். நடுவில் ஒரு அம்மா காலாலேயே கிண்டிவிட்டுக்கொண்டு போவார். பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பார், முணுமுணுப்பார், கடைசியில் ஒதுங்கித்தான் போவார்.

அந்த மணி அங்கிருந்து எங்கே போகிறது? பெரும்பாலும் நாமக்கல்லுக்கு, கோழித்தீவனமாக. அப்புறம் முட்டையாக மாறி உங்க வீட்டு ஆம்லெட்டுக்கும், அரசுப் பள்ளி சத்துணவுத் தட்டுக்கும், வளைகுடா நாட்டுக் கடைகளுக்கும் போகிறது.

இந்த மொத்தப் பயணத்துக்கும் பிசினஸ் உலகம் வைத்திருக்கும் பெயர் சப்ளை செயின். எங்க டெஸ்க்கில் ‘விநியோகச் சங்கிலி’ என்று எழுதுவோம். தமிழ் படிச்சவன் என்ற முறையில் எனக்கு இந்த வார்த்தை மேல ஒரு சின்ன வருத்தம் உண்டு. விநியோகம்னா பங்கிட்டுக் கொடுக்கிறதுதான் மனசில் வருது. விளைவிக்கிறவர் அதில் தெரியறதே இல்லை.

கொரோனா, சூயஸ் கால்வாயில் கப்பல் சிக்கியது, உக்ரைன் போர் எல்லாம் வந்த பிறகு, ‘எந்த அதிர்ச்சி வந்தாலும் அறுந்து போகாத சங்கிலி’ எப்படி அமைப்பது என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் பேச ஆரம்பித்தன. பெரம்பலூர், அரியலூர் பக்கம் அந்தப் பாடம் கொரோனாவுக்கு முன்னாடியே வந்துவிட்டது. அதை நடத்தியது ஒரு புழு.

முதலில் ஒரு கணக்கு

நாமக்கல் மண்டலத்தில் தினமும் 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது என்பது பண்ணையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். அதில் பாதி, சில நேரம் பாதிக்கும் மேலே, மக்காச்சோளம்தான். கோழிக்குத் தெம்பு கொடுக்கும் மாவுச்சத்து அதில் இருந்துதான் வருகிறது. மஞ்சள் கரு மஞ்சளாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

கோழிகள் 5 கோடி என்று குறைச்சலாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5,500 டன் தீவனம் வேண்டும். பாதி என்றால் 2,750 டன் மக்காச்சோளம். 20 டன் ஏற்றும் லாரியில் கணக்குப் போட்டால் 137 லாரி. தினமும். ஞாயிற்றுக்கிழமை கோழி விரதம் இருக்காது.

இங்கேதான் முட்டைத் தொழிலின் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் வரவில்லை என்றால் மெஷினை நிறுத்தி வைக்கலாம். நஷ்டம்தான், ஆனால் நூல் வந்த அன்றைக்கே மறுபடி ஓட்டலாம். கோழியை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. தீவனம் குறைந்தால் முட்டையிடுவது குறையும். பிறகு தீவனம் வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். முட்டை உற்பத்திச் செலவில் சுமார் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. அதனால் மக்காச்சோளம் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் பண்ணைக்காரர் தூக்கம் கெட்டுவிடும்.

அந்தச் சோளத்தை நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தே கொடுக்கிறவை பெரம்பலூரும் அரியலூரும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றாலே முதலில் சொல்லும் பெயர் பெரம்பலூர். அரியலூர் மாவட்டத்தில் தா.பழூர் ஒன்றியம் கொஞ்சம் ரெண்டும் கலந்த நிலம். கொள்ளிடக் கரையோரம் நெல். கொஞ்சம் மேடேறி ஜெயங்கொண்டம் பக்கம் வந்தால் மானாவாரி: மக்காச்சோளம், பருத்தி, கடலை, முந்திரி. ஆவணி, புரட்டாசியில் மழையை நம்பி விதைப்பு. தை, மாசியில் அறுவடை.

2018இல் என்ன நடந்தது?

படைப்புழுவின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியா பக்கம் தலைகாட்டியது. ரெண்டே வருஷத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டது. 2018 மத்தியில் கர்நாடகாவில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக் கூடியது. கர்நாடகாவில் இருந்து பெரம்பலூருக்கு வர அதற்கு எத்தனை ராத்திரி தேவைப்பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வருஷம் விதைத்தவர்களுக்கு இப்படி ஒரு புழு வரும் என்று தெரியாது. பருத்தியோடு ஒப்பிட்டால் ஆள் கூலி குறைவு, மருந்துச் செலவு குறைவு என்றுதான் பலரும் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்கள். முதலில் இலையில் வரிசையாக ஓட்டை. அப்புறம் குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம். பிரித்துப் பார்த்தால் உள்ளே புழு. குருத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் மேலாக அடிக்கும் மருந்து அதைத் தொடவே தொடாது. ஒரு முறை அடித்து, ரெண்டு முறை அடித்து, கடன் வாங்கி மூன்றாவது முறையும் அடித்தவர்கள் உண்டு. கடைசியில் மாடு மேய விட்டார்கள், டிராக்டர் விட்டு உழுதார்கள்.

பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு 2019 பிப்ரவரியில் சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஒரு பயிருக்கு, ஒரு பூச்சிக்காக அறிவிக்கப்பட்ட தொகை இது. பாதிப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

சரி, விளைச்சல் குறைந்தால் விலை ஏறும்தானே? ஏறியது. கிலோ 14, 15 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சோளம் 20 ரூபாயைத் தாண்டியது. ஆனால் அந்த விலைக்கு விற்க தா.பழூர்க்காரர் கையில் சோளம் இல்லை. விலை ஏறியதன் பலன், புழு போகாத இடத்தில் விதைத்திருந்தவருக்கும், பழைய சரக்கைக் கிடங்கில் வைத்திருந்தவருக்கும்தான்.

நாமக்கல் எப்படிச் சமாளித்தது?

இந்த இடத்தை நான் கொஞ்சம் வியப்போடுதான் படித்தேன். ஏன்னா பெரிய பெரிய கம்பெனிகளின் ஆலோசகர்கள் பவர்பாயிண்ட் போட்டுச் சொல்லும் விஷயங்கள் பலவற்றை, நாமக்கல் பண்ணைக்காரர்கள் அந்தப் பெயர் எதுவும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒன்று, தீவனக் கலவையை மாற்றுவது. மக்காச்சோளம் விலை ஏறினால் கம்பு, குருணை அரிசி, தவிட்டுப் பிண்ணாக்கு என்று கலவையில் இடம் மாறும். அளவு தப்பினால் முட்டையின் எண்ணிக்கையும் அளவும் குறையும் என்பதால் இதற்கும் ஒரு எல்லை உண்டு.

இன்னொன்று, தூரத்து ஊர்களைத் தேடிப் போவது. கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா மட்டும் இல்லை, பீகார் வரைக்கும். பீகாரில் மக்காச்சோளம் குளிர்காலப் பயிர். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில். அதாவது நம்ம பக்கம் தை, மாசிச் சரக்கு தீரும் நேரத்தில் அங்கே புதுச் சரக்கு வரும். சரக்கு ரயிலில் நாமக்கல் ஸ்டேஷனில் வந்து இறங்கும். ‘பீகாரில் இருந்து 2,600 டன் மக்காச்சோளம் ரயிலில் வந்தது’ என்று லோக்கல் பக்கத்தில் அடிக்கடி ஒரு சின்னச் செய்தி வரும், கவனிச்சிருப்பீங்க. மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்க. ஒரு முழு ரயில் சோளம், நாமக்கல் கோழிகளுக்கு ஒரு நாள் சாப்பாடு. அதுவும் முழுசாக இல்லை.

மூன்றாவது வழி, இறக்குமதி. இது கேட்க சுலபம், செய்வது கஷ்டம். மக்காச்சோளத்துக்கு இறக்குமதி வரி 50 சதவீதம். தட்டுப்பாடு வந்ததால் 2019இல் மத்திய அரசு 5 லட்சம் டன்னை மட்டும் 15 சதவீத வரியில் கொண்டுவர அனுமதித்தது. அதிலும் ஒரு முடிச்சு. உலகத்திலேயே அதிகமாக மக்காச்சோளம் விற்கும் அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினாவில் விளைவது பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்ட ரகம். அதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. மிஞ்சுவது உக்ரைன், மியான்மர் மாதிரி சில நாடுகள். உக்ரைனில் 2022 பிப்ரவரியில் போர் வந்தது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாற்று வழி என்று நம்பிப் போன இடமே தீப்பிடித்தால் என்ன செய்வது?

‘நாலு இடத்தில் வாங்கு’ என்பது மட்டும் போதுமா?

சப்ளை செயின் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது இதுதான்: ஒரே ஆளை நம்பி இருக்காதே, நாலு இடத்தில் வாங்கு. நல்ல யோசனைதான். ஆனால் 2018 காட்டியது வேறு. பெரம்பலூரில் வாங்கினவர் அரியலூரிலும் வாங்கலாம், சேலத்திலும் வாங்கலாம், கர்நாடகாவிலும் வாங்கலாம். நாலு இடம் ஆச்சு. நாலு இடத்திலும் அதே வருஷம் அதே புழு. 2019க்குள் பீகார் உட்பட நாட்டின் பெரும்பாலான மாநிலங்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் வேற வேறயா இருந்து ஆபத்து ஒன்றாக இருந்தால், அதை நாலு இடம் என்று எண்ணக் கூடாது.

அதனால் எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்பதைவிட, அவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே காரணத்தால் அடி விழுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு பருவத்தில் அறுவடை செய்கிற ஊரா? வேறு மழையை நம்பும் ஊரா? அதுவும் இல்லையென்றால், கையில் சரக்கு இருக்கிறதா?

கையில் சரக்கு என்றதும் டொயோட்டா ஞாபகம் வருகிறது. ‘தேவைப்படும்போது மட்டும் வாங்கு, கிடங்கில் எதையும் தூங்க விடாதே’ என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த கம்பெனி அது. 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது உதிரி பாகம் இல்லாமல் அதன் தொழிற்சாலைகள் நின்றன. அதற்குப் பிறகு, எந்தப் பொருள் நின்றால் வண்டி நிற்குமோ அதை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் ஏற்பாடு செய்துகொண்டது. 2021இல் சிப் தட்டுப்பாடு வந்து மற்ற கார் கம்பெனிகள் ஆரம்பத்திலேயே தடுமாறியபோது, டொயோட்டாவால் பல மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தது. பிறகு அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது என்பது வேறு கதை.

சிப்பை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். மக்காச்சோளத்துக்கு அது நடக்காது. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையில் இருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். அதைத் தின்றால் கோழிக்கு ஈரல் கெடும், முட்டை குறையும். ஆக, சரக்கை இருப்பு வைப்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. சோளம் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காய வைக்கிற வேலை எங்கே நடக்கிறது? நாம ஆரம்பத்தில் பார்த்த அந்த ரோட்டில்.

ரோடு ஏன் களமாச்சு?

அறுவடை சமயத்தில் மணியில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேகூட இருக்கும். 14 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் விற்க, வைக்க லாயக்கு. முன்பெல்லாம் கதிரை ஆள் வைத்து ஒடித்து, வீட்டில் குவித்து, காய்ந்த பிறகு சாவகாசமாக மணி உதிர்த்தார்கள். கதிராக இருக்கும்போது காற்றோட்டம் இருக்கும், அவசரம் இல்லை. இப்போது ஆள் கிடைப்பதில்லை. மெஷின் வயலில் இறங்கி ஒரே நாளில் அறுத்து, மணியாகவே கொட்டிவிடுகிறது. ஊரில் எல்லோர் வயலுக்கும் அதே வாரத்தில் மெஷின் வரும். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஈரச் சோளம். ஊராட்சியில் உலர்களம் இருந்தாலும் நாலு பேருக்குத்தான் இடம். மிச்சம் பேருக்குத் தார்ச்சாலை.

ரோட்டில் காய வைப்பது சட்டப்படி தப்பு. டூவீலரில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள். மண்ணும் கல்லும் கலக்கிறது. இதெல்லாம் காய வைப்பவருக்கும் தெரியும். வேறு இடம் இல்லை என்பதால் செய்கிறார்.

இதில் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது. 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ சோளம், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோ ஆகிவிடும். அந்த 7 கிலோ தண்ணீர். வியாபாரி ஈரச் சோளத்தை எடுத்தால் எடையில் கழிப்பார், விலையிலும் குறைப்பார். எவ்வளவு ஈரம் என்று அளந்து பார்க்கும் சின்ன மீட்டர் பெரும்பாலும் வியாபாரி கையில்தான் இருக்கிறது. கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, ‘ஈரம் இருக்குண்ணே’ என்று அவர் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச விவசாயியிடம் ஒரு எண் கிடையாது.

இதற்கு நடுவில் மழை வந்தால் கேட்கவே வேண்டாம். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி எதிர்பாராமல் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். டெல்டாவில் கதிர் சாய்ந்த நெல் பற்றி எல்லோரும் எழுதினோம். மானாவாரி மக்காச்சோளமும் அறுவடைக்கு நின்ற மாசம்தான் அது.

நெல்லுக்காவது நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. அங்கே ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் ஒரு விலை இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது (2025-26க்கு குவிண்டால் 2,400 ரூபாய்). ஆனால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள நெல் மாதிரி ஊருக்கு ஊர் அரசு நிலையம் இங்கே இல்லை. வாங்குவது வியாபாரி. பல இடங்களில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு பக்கம் பலமானால் இன்னொரு பக்கம்?

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 2018க்குப் பிறகு நாமக்கல் தன் பக்கத்துச் சங்கிலியைப் பலப்படுத்திக்கொண்டது. பீகார் ரயில் இருக்கிறது, மாற்றுத் தீவனம் இருக்கிறது, வசதியான பண்ணைகளுக்குக் கிடங்கு இருக்கிறது. அதில் தப்பே இல்லை. அந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 நாள் முட்டை போவதும் அந்தச் சங்கிலியில்தான்.

ஆனால் வாங்குபவருக்கு நாலு வழி திறந்தது, விற்பவருக்கு ஒரே வழிதான். தா.பழூர் விவசாயியால் பீகார் பண்ணைக்கு விற்க முடியாது. விலை குறைந்தால் காத்திருக்கவும் முடியாது. ஈரச் சோளம் காத்திருக்காது, கடன்காரரும் காத்திருக்க மாட்டார்.

எத்தனால் வந்தபோது விற்பவருக்கும் ரெண்டாவது வழி கிடைத்த மாதிரி இருந்தது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்குக்காக, 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் வரை தர எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. ஆலைகள் சோளத்தை அள்ளின. விலை ஏறியது. பண்ணைக்காரர்கள் அலறினார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 2024இல் மியான்மரில் இருந்தும் உக்ரைனில் இருந்தும் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. ஜூன் மாதம் மறுபடியும் 15 சதவீத வரியில் 5 லட்சம் டன்னுக்கு அனுமதி.

விலை நல்லா இருக்கேன்னு நாடு முழுக்க விவசாயிகள் கூடுதலாக விதைத்தார்கள். நடுவில் எத்தனால் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் திறந்துவிடப்பட்டது. 2025 நவம்பரில் கர்நாடகாவில் மக்காச்சோளம் குவிண்டால் 1,600 முதல் 1,800 ரூபாய்க்கு இறங்கியது. ஆதரவு விலையைவிட 600 ரூபாய்க்கு மேல் குறைவு. ஹாவேரி, கதக் பக்கம் விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். முதல்வர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அதே நவம்பரில் நாமக்கல்லில் முட்டைக் கொள்முதல் விலை 6 ரூபாயைத் தாண்டி உச்சம் தொட்டது. குளிர்காலத் தேவை, ஏற்றுமதி என்று அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. பண்ணைக்காரர்களும் சும்மா சம்பாதிப்பவர்கள் இல்லை. 2020 மார்ச்சில் கோழியால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவி முட்டை 2 ரூபாய்க்கு விழுந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரே சங்கிலியின் ஒரு முனையில் உச்ச விலை, இன்னொரு முனையில் பாதாளம் என்பதை அப்படியே கடந்து போக மனசு வரவில்லை.

இதனால் நாமக்கல்லுக்கு என்ன கவலை?

இருக்கிறது. பீகார் ரயில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர வேண்டும். வேகன் கிடைக்க வேண்டும், ரயில் வாடகை கொடுக்க வேண்டும். தா.பழூரில் மாலை ஏற்றினால் லாரி விடிவதற்குள் நாமக்கல்லில் நிற்கும். பக்கத்தில் இருக்கும் விவசாயி ரெண்டு வருஷம் அடி வாங்கி, ‘போதும் சாமி’ என்று தைல மரம் வைத்துவிட்டால் அந்த நிலம் பல வருஷத்துக்குச் சோளத்துக்குத் திரும்பாது. ஏற்கெனவே காட்டுப்பன்றித் தொல்லையால் வெறுத்துப்போன ஊர்கள் உண்டு. அவசரத்துக்குக் கைகொடுக்கும் பக்கத்துக் கிணற்றைத் தூர்த்துவிட்டு, தூரத்து ஆற்றை நம்புவது மாதிரிதான் அது.

சரி, என்ன செய்யலாம்? திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை 180 நாள் வரை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஜெயங்கொண்டத்தில் விற்பனைக்கூடம் இருக்கிறது. அவசரத்துக்குப் பணமும் கிடைக்கும், விலை ஏறும் வரை காத்திருக்கவும் முடியும். ஆனால் காய்ந்த சரக்காக இருக்க வேண்டும். மறுபடியும் அதே ஈரப் பிரச்னை.

ஒப்பந்தச் சாகுபடிக்கென்றே 2019இல் தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு. விதைக்கும்போதே தீவன ஆலையோடு விலை பேசிக்கொள்ளலாம். இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2019 மாதிரியோ 2024 மாதிரியோ விலை எகிறினால் விவசாயி வெளியே விற்கப் பார்ப்பார். 2025 மாதிரி விழுந்தால் ஆலை ‘ஈரம் அதிகம்’ என்று திருப்பி அனுப்பப் பார்க்கும். குறைந்தபட்ச விலை ஒன்றை மட்டும் உறுதி செய்து, மேலே ஏறினால் ரெண்டு பேரும் பங்கிட்டுக்கொள்கிற மாதிரி எழுதினால் ஒருவேளை நிற்கலாம்.

பயிர்க் காப்பீடு? பிரீமியம் குறைவுதான், காரிஃப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபி பயிருக்கு 1.5 சதவீதம். ஆனால் இழப்பீடு உங்க வயலைப் பார்த்து வராது, அந்தப் பகுதியின் சராசரி மகசூலைப் பார்த்து வரும். பக்கத்து ஊரில் புழு குறைவாக இருந்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

புழு விஷயத்தில் நிலைமை 2018 அளவுக்கு மோசம் இல்லை. கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்போரம் தட்டைப்பயறு அல்லது எள், முளைத்த சில நாளிலேயே குருத்தைப் பார்த்து மருந்து என்று வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த முறைகள் ஊர் வரைக்கும் வந்துவிட்டன. படைப்புழு போகவில்லை. அதோடு எப்படிப் பிழைப்பது என்று தெரிந்துவிட்டது. செலவும் கூடிவிட்டது.

என்னைக் கேட்டால் முதல் செலவு உலர்களத்துக்குத்தான் போக வேண்டும். கேட்க சப்பையாக இருக்கும். பெரிய அறிவிப்பாகத் தலைப்புப் போடவும் முடியாது. ஊருக்கு ரெண்டு நல்ல களம், நாலு தார்ப்பாய், பஞ்சாயத்து ஆபீஸில் எல்லோரும் பயன்படுத்த ஒரு ஈரப்பத மீட்டர். இருபது விவசாயிகள் சேர்ந்து 14 சதவீத ஈரத்தில் 20 டன் தேற்றிவிட்டால் அது ஒரு முழு லாரி. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாக நேராகத் தீவன ஆலையிடம் பேசலாம். ஆலைக்கும் பூஞ்சை இல்லாத சரக்கு கிடைக்கும், இருப்பு வைக்கலாம். பீகார் ரயிலுக்கு ஆகும் வாடகையில் ஒரு சின்னப் பங்கை இங்கே களம் போட ஆலைகளே கொடுத்தால்கூட அது தானம் ஆகாது. அவர்கள் சங்கிலிக்கு அவர்களே போடும் பற்றவைப்பு அது.

அதுவரைக்கும் களம் ரோடுதான். தை, மாசியில் அந்தப் பக்கம் ராத்திரி டூவீலரில் போகிறவர்கள் லைட்டை நல்லா பார்த்துக்கோங்க. ஓரத்தில் கல் வரிசை தெரிந்தால் வேகத்தைக் குறைச்சுக்கோங்க. குவியல் மேல் தார்ப்பாய் மூடியிருந்தால், பக்கத்திலேயே சாக்கு விரித்துக் காவலுக்கு யாராவது படுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.